24 மில்லிமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் காரின் பிரேக்கில் ஒரு குறையும் இருக்கவில்லை. மிதித்தால் நின்றது. ஒரு பிரேக்கிடம் இதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரே ஒரு நாள்தான் அது முரண்டு பிடித்தது. டிக்கி நிறையப் பெட்டி, சீட் நிறையக் குடும்பம், நீளமான மலை இறக்கம். நான் நான்காவது கியரில், பிரேக் மேல் வைத்த காலை எடுக்காமல், பாட்டுக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. அடுத்தடுத்த வளைவுகளில் பெடலை வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டியிருந்தது. கீழே வந்து ஓரமாக நிறுத்திப் பார்த்தால் முன்சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை. பின்சீட்டிலிருந்து இறங்கிய மாமனார் அந்தப் புகையை ஒரு நிமிடம் பார்த்தார். 30 வருடம் லாரி ஓட்டியவர். "ரெண்டாவது கியர்ல இறங்கியிருக்கலாம் மாப்பிள்ளை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

காலணா செலவில்லாத யோசனை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

அன்று இரவு முழுக்கத் தேடியதில் ஒரு விஷயம் கிடைத்தது. என் காரின் முன்பக்க டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் வட்டு, 288 மில்லிமீட்டர் விட்டம். அதே மாடலில் பெரிய இன்ஜினோடு வரும் காருக்கு 312. வித்தியாசம் 24 மில்லிமீட்டர். ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன், கட்டைவிரல் அகலம் இருந்தது. அதுவும் விட்டத்தில்தான். மையத்திலிருந்து கணக்குப் போட்டால் 12 மட்டுமே. ஆனால் கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அதே கதைதான் இதுவும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் கொஞ்சம் வெளியே தள்ளிப் பிடித்தால் அதே அழுத்தத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் பிடி. டிஸ்க்கும் கனமாகிவிடுவதால் சூட்டையும் அதிகம் தாங்கும்.

மனைவியிடம் விளக்கினேன்.

"இப்போ நிக்கலையா?"

"நிக்குது."

"அப்புறம் என்ன?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரை மாற்றத் தேவையில்லை. இரண்டு அளவுக்கும் ஒரே காலிப்பர்தான். அதைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க், பேட் இவை மட்டும் புதிது. காலிப்பரைக் கழற்றி, ஆயில் வரும் ஹோஸை எடுக்காமல், ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டால் ஆயில் லைனைத் திறக்கவே வேண்டாம். உள்ளே காற்றுப் போகாது. ஒரு மதியத்தில் முடிந்துவிடுகிற வேலை.

ஆனால் எனக்குச் சிவப்புக் காலிப்பர் வேண்டும் என்று தோன்றிவிட்டது. இனி வரும் எல்லாக் கஷ்டத்துக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கூட அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கவில்லை.

பழைய பிராக்கெட் போல்ட்டுகள் கழல மறுத்ததையும், ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கியதையும், டிஸ்க்குக்குப் பின்னாலிருந்த தகடு உரசியதால் அதை வளைத்துவிட்டதையும் இங்கே எழுதவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான். ஹோஸைப் பிரித்து முனையை அடைத்துவிட்டு, இரண்டு காலிப்பரையும் மேஜைமேல் அருகருகே வைத்து, சூடு தாங்கும் சிவப்புப் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்தேன். எது இடது, எது வலது என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தேன். அந்த எழுத்தின் மேலேயே அடித்தேன்.

காய்ந்த பிறகு மாட்டினேன். அழகாக உட்கார்ந்தன. ஹோஸ் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. பிராக்கெட் புதிதல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனி லைனிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துக் காலிப்பரிலுள்ள நிப்பிளைத் திறந்து மூட. மாமனார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் கீழே படுத்தேன்.

"மிதிங்க! பிடிங்க! விடுங்க!"

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு ஏதோ மல்யுத்தப் பயிற்சி நடக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். முதலில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு சுத்தமான ஆயில் மட்டும். அப்பாடா என்று எழுந்து பெடலை மிதித்தால், ஈர ஸ்பாஞ்சை மிதித்தது போல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மறுபடி படுத்தேன். மிதிங்க, பிடிங்க, விடுங்க. மறுபடி ஸ்பாஞ்ச். இரண்டு மணி நேரத்தில் இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது. திறந்து வைத்த பாட்டிலை அப்புறம் உபயோகிக்கவும் முடியாது. காற்றிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த எல்லை 155 தான். இதையெல்லாம் நான் மாமனாருக்குக் கீழேயிருந்தே விளக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போது அவர் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார்.

"காத்து மேல போகுமா, கீழ போகுமா மாப்பிள்ளை?"

"மேலதான் மாமா."

"நீங்க கீழ ஓட்டை வச்சிருக்கீங்களே."

பார்த்தேன். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. அது மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பர் வலது பக்கத்திலும், வலது காலிப்பர் இடது பக்கத்திலும் உட்கார்ந்திருந்தன. காற்று பாட்டுக்கு மேலே ஒதுங்கிச் சுகமாக இருக்க, நான் அடியிலிருந்து நல்ல ஆயிலாகப் பார்த்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "எங்க லாரியில காத்து இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும். உங்க கார்ல காத்து இருந்தா பிரேக் பிடிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பக்கம் மாற்றி மாட்டிய பிறகு பத்தே நிமிடத்தில் பெடல் கல் மாதிரி ஆனது. ஆயில் டப்பாவை மட்டும் ஒருமுறைகூட வற்றவிடவில்லை. வற்றிக் காற்று, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் பம்புக்குள் புகுந்திருந்தால், லேப்டாப்பை மாட்டிப் பம்பை ஓடவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும். நான் செய்யாத தவறு அது ஒன்றுதான் என்பதால் இங்கே குறித்து வைக்கிறேன். ஒரு சேதம் மட்டும் ஆனது. பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் கரையும். இரண்டாவது தடவை கழற்றி மாட்டும்போது சிந்திய ஆயிலில் என் சிவப்பு வழிந்து, பாதிக் காலிப்பர் பழைய சாம்பல் நிறத்துக்கே திரும்பிவிட்டது.

மறுநாள் கம்ப்யூட்டர் வேலை.

"வட்டு பெருசாச்சுன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?" என்று மாமனார் கேட்டார். தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். உண்மையில் ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் என்றால் அந்தக் கவலையே இல்லை. எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறது என்று சென்சாரில் பார்த்து, அதற்குப் போகும் அழுத்தத்தை வினாடிக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிப்பது அதன் வேலை. அதற்கு டிஸ்க் அளவு எதற்கு? "அதை நாங்க காலாலேயே செஞ்சோம்" என்றார் அவர். வாஸ்தவம்தான். மின்னணு ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்குக் கொடுக்கும் வரை பெரும்பாலானவர்களின் ஏபிஎஸ் அவரவர் கணுக்காலில்தான் இருந்தது.

சிக்கல் 1995-ல் வந்த இஎஸ்பியிடம் இருக்கிறது. ஏபிஎஸ் இருக்கும் அதே பெட்டிக்குள் இதுவும் குடியிருக்கிறது. வளைவில் கார் வழுக்கினால், நாம் மிதிக்காமலேயே ஏதோ ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கும். இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவு பிடி என்று அதற்கு ஒரு கணக்கு வேண்டும். என் பெட்டிக்கு அந்தக் கணக்கு 288-ல் சொல்லிக்கொடுக்கப்பட்டது. முன்னால் பிடி கூடினால் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த பங்கீடும் மாறும். அதனால் என் காரில் டிஸ்க் அளவுக்குத் தகுந்த கோடிங்கை மாற்றியாக வேண்டும்.

ஒரு கேபிளில் லேப்டாப்பை மாட்டினேன். நீளமான எண் வரிசை ஒன்று வந்தது. அதில் ஓரிடத்தை மாற்றிச் சேமித்தேன். டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. கூடவே இஎஸ்பி, டயர் காற்று, ஸ்டியரிங், பிரேக் என்று தெரிந்த விளக்கெல்லாம் எரிந்தன. தெரியாத ஒன்றும் எரிந்தது. கையேட்டில் தேடி அதன் பெயரைத் தெரிந்துகொண்டேன், அந்த வகையில் லாபம்.

பாதியில் கோடிங் ஏறாமல் நின்றிருக்கிறது. காரணம் பேட்டரி. ஒன்றரை மணி நேரம் சாவியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, உள்விளக்கை எரியவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்? சார்ஜரை மாட்டி மறுபடி ஏற்றினேன். ஏறிவிட்டது. மூன்று விளக்குகள் அணைந்தன. மற்றவை, ஸ்டியரிங்கின் நடு எது என்று எனக்குத் தெரியவில்லை என்றன.

பிரேக்கை மாற்றியதற்கு ஸ்டியரிங் ஏன் வழி மறக்க வேண்டும்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு மாதிரிதான் தோன்றியது. ஆனால் நாம் எந்தப் பக்கம் திருப்பினோம், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒப்பிட்டுத்தான் இஎஸ்பி முடிவெடுக்கிறது. என் காரில் கோடிங் மாறியதும் அந்த அடிப்படை அளவுகளைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. சக்கரத்தை நேராக வைத்து, சமதளத்தில் நிறுத்திச் செய்ய வேண்டும். பட்டனை அழுத்தப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "சமதளமா இது?" என்றாள் மனைவி. மகளின் பந்தை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அது உருண்டு வாசலைத் தாண்டிப் போனது. நான் அழுத்தியிருந்தால் அந்தச் சாய்வையே சமதளம் என்று என் கார் ஆயுளுக்கும் நம்பிக்கொண்டிருக்கும்.

பந்து நிற்கிற இடம் ஒன்றைத் தேடிப் போய் முடித்தேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த நிமிடம் உண்மையிலேயே மனசு நிறைந்தது.

புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை நிதானமாக வேகத்தைக் குறைப்பதும், முழுதாக நிறுத்தாமல் மறுபடி ஏற்றுவதுமாகப் பல தடவை ஓட்டினேன். ஆறவிட்டு, கடைசியாக ஈரமான ஒரு வெற்று மைதானத்தில் மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓங்கி மிதித்தேன். காலடியில் ஏபிஎஸ் தடதடத்தது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது.

"எப்படி மாமா?"

"முன்னாடியும் இப்படித்தானே நின்னுது?"

சரிதான். ஒருமுறை மிதித்து நிறுத்துவதற்கு எல்லை வகுப்பது டயர். பழைய டிஸ்க்கே ஏபிஎஸ்ஸை எழுப்பும் அளவுக்குப் பிடித்தது என்றால், அதற்கு மேல் பெரிய டிஸ்க் எதைச் சாதிக்கும்? அதன் பெருமை மலை இறக்கத்தில்தான் தெரியும். அதை நிரூபித்தே தீருவது என்று அடுத்த மாதம் அதே மலைக்குப் போனோம். இறங்கும்போது, ஏனோ தெரியவில்லை, என் கை தானாக இரண்டாவது கியரைப் போட்டது. கீழே வந்து பார்த்தால் புகை இல்லை, வாடை இல்லை. எதனால் என்று பின்சீட்டிலிருந்து யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் முன்பக்க வலது டயர் பஞ்சர். இதெல்லாம் ஒரு விஷயமா என்று டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தேன். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. காரில் ஓடுவது 16 அங்குல ரிம். ஸ்டெப்னி 15 அங்குல இரும்பு ரிம். 288-க்கு மேல் அது ஏறும். 312-க்கு மேல் ஏறாது.

24 மில்லிமீட்டர்.

இதற்கும் வழி உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டலாம். பின்பக்கப் பிரேக் சின்னது. ஒரு பஞ்சருக்கு இரண்டு சக்கரம் கழற்ற வேண்டும், இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், அவ்வளவுதான். இதை வீட்டாரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்தின் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்.