தூக்கிச் செல்லக்கூடியதே விற்கும்

முற்றம் வைத்த வீடு சிங்கப்பூரில் சிலருக்கே வாய்த்திருக்கிறது. பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் குடியிருக்கும் ஊரில், சேர்ந்துபோன பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்பது நடக்காத காரியம். வாசலுக்கு வெளியே இருப்பது பொது நடைவழி. தீப்பாதுகாப்பு விதிகளின்படி அங்கே 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளமோ நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது, அனுமதியின்றி அங்கே மேசை போட முடியாது. ஆகவே எங்களுக்கு இருந்த ஒரே வழி, வட்டாரக் குடியிருப்பாளர் குழு முறைப்படி அனுமதி பெற்று நடத்திய பழம்பொருள் சந்தையில் ஒரு மேசையை எடுத்துக்கொள்வதுதான். ஐந்தறை வீட்டிலிருந்து நான்கறை வீட்டுக்கு மாறிய ஆண்டில் நானும் கணவரும் அப்படி மூன்று முறை கடை விரித்தோம். முதல் முறை 23 வெள்ளியோடு (சிங்கப்பூர் டாலர்) திரும்பினோம்; மூன்றாம் முறை 300 வெள்ளியைத் தாண்டியது.

முதல் முறை நாங்கள் செய்த பிழை, எதை அதிக விலை கொடுத்து வாங்கினோமோ அதை மேசையின் நடுவில் வைத்ததுதான். சென்னையிலிருந்து சுமந்து வந்த மாவரைக்கும் கிரைண்டர், பெட்டியோடு இருந்த பீங்கான் பாத்திரத் தொகுதி, தேக்கு மரப் புத்தக அலமாரி ஆகிய மூன்றையும் பார்க்காமல் போனவர் எவருமில்லை. தொட்டார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். நண்பகலுக்கு மேல் ஒரு சீன மூதாட்டி பீங்கான் தட்டொன்றை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாம் பேருந்தில் வந்திருப்பதாகச் சொல்லி அதைத் திரும்ப வைத்தார். விலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெளிநாடுகளில் இத்தகைய விற்பனையைப் பற்றி எழுதுகிறவர்கள், வாங்குபவர் காரில் வந்து இறங்குவார் என்று வைத்துக்கொண்டே எல்லா ஆலோசனைகளையும் சொல்கிறார்கள். கார் வாங்குமுன் உரிமைச் சான்றிதழுக்கே பெருந்தொகை கட்ட வேண்டிய நம் ஊரில், சந்தைக்கு வருகிறவர் நடந்தோ பேருந்திலோ பெருவிரைவு ரயிலிலோதான் வருகிறார். அவருக்கு இருப்பவை இரண்டு கைகள்; அவற்றில் ஒன்றில் ஏற்கெனவே ஈரச்சந்தையில் வாங்கிய மீனும் கீரையும் தொங்குகின்றன. அவருடைய மற்றொரு கைக்கு எது அடங்குமோ அதையே முன்வரிசையில் வைக்க வேண்டும்.

இரண்டாம் முறை பாத்திரத் தொகுதியைப் பிரித்துவிட்டேன். ஒரே மாதிரியான நான்கு கிண்ணங்களைச் செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, தூக்கிக்கொண்டு நடக்கும்படி வைத்ததும் ஒரு மணி நேரத்தில் பாதி காலியாயிற்று. தொகுதியை உடைக்காதே என்று மாமியார் தடுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, முழுத் தொகுதியாக விற்றிருந்தால் ஒருவேளை கூடுதல் தொகை கிடைத்திருக்கும். ஆனால் அப்படிப்பட்ட ஒருவருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருப்பது? உறுதியான துணிப்பைகள் சிலவற்றையும் இலவசமாகக் கொடுத்தோம். பை கையில் வந்ததும் இன்னும் இரண்டு பொருளை அதற்குள் போட்டுக்கொள்ளும் மனநிலை எவருக்கும் வந்துவிடுகிறது.

எதிர்பாராமல் முதலில் விற்றுப்போனவை பயணப்பெட்டிகள். அவற்றுக்குச் சக்கரம் இருக்கிறது என்பதோடு, வாங்கிய மற்றப் பொருள்களை உள்ளே போட்டு இழுத்துக்கொண்டும் போகலாம். விடுமுறையில் ஊருக்குப் புறப்படவிருந்த தமிழகத் தொழிலாளர் ஒருவர், "அக்கா, கைப்பிடி ஆடுது, அஞ்சு வெள்ளி குறைங்க" என்று கேட்டார். நான் குறைக்கவில்லை, மாறாக இரண்டு குளிர்ச்சட்டைகளையும் ஒரு பொம்மை லாரியையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். அவர் லாரியை வெளியே எடுத்து எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். விமானத்தில் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும் மனிதருக்குப் பொருளின் எடையும் அதன் விலையில் ஒரு பகுதி. அன்று முதல் பெட்டிகளின் எடையைச் சீட்டில் எழுதி ஒட்டினோம்.

கிரைண்டர் மூன்றாம் முறைதான் போயிற்று. இந்தியாவிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்றாலும், அங்குள்ள உருண்டை முனைச் செருகி இங்குள்ள செவ்வகத் துளைகளில் நுழையாது. மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு செருகியை முன்னதாகவே மாற்றி வைத்தோம். கீழ்த்தளத்தில் நம் வசதிக்கு மின்இணைப்பு கிடையாது என்பதால், வீட்டில் அரிசி போட்டு அரைப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். "அடுத்தடுத்த புளோக்குகளுக்கு நாங்களே கொண்டுவந்து தருவோம்" என்ற அட்டையையும் சாய்த்து வைத்தோம். அந்த ஒரு வரியால்தான் விற்றது என்று நம்புகிறேன். புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் வாங்கினார். என் மகன் தள்ளுவண்டியில் வைத்து மின்தூக்கி வழியாக அவர் வீட்டு வாசல்வரை சேர்த்துவிட்டு, முறுக்கோடு திரும்பி வந்தான்.

விலை குறிப்பதில் எனக்குள்ள ஒரே விதி, நோட்டைப் பார்த்து விலை வைப்பது. நம்மிடம் இரண்டு, ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகள் புழங்குகின்றன. ஆகவே விலைகளும் இரண்டு, ஐந்து, பத்தாகவே இருக்கட்டும். ஏழு வெள்ளி என்று எழுதினால் சில்லறை தேடும் நேரத்தில் வாங்குபவரின் மனம் மாறிவிடும். இரண்டு வெள்ளி நோட்டுகள் பதினைந்தையாவது முதல்நாளே தயாராக வைத்திருங்கள். "போலே குராங்?" என்று மலாயில் கேட்கும் பெரியவர்களுக்குக் குறைப்பதில் தயக்கம் வேண்டாம், ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் குறைத்தால் பக்கத்தில் நிற்கிறவரும் கேட்பார்.

பணம் வாங்கும் முறையைப் பேசும்போது தவிர்க்க முடியாத ஒரு நாள் உண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு அருகில் பல பத்தாண்டுகள் நடந்துவந்த, திருடர் சந்தை என்று செல்லமாக அழைக்கப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி கடைசியாகக் கூடிக் கலைந்தது. கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்பும் பேநவ் சேவை தொடங்கியதும் அதே நாளில்தான். தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த அந்த முதியவர்களிடம் என் அப்பா வானொலி வாங்கிய காலத்தில் சட்டைப்பையில் காசு இருந்தால் போதும். இன்றைய வாடிக்கையாளர்களில் பலரிடம் காசே இருப்பதில்லை. ஆகவே பேநவ் குறியீட்டை அச்சிட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். ஆனால் பணம் அனுப்பியதாக அவர்கள் காட்டும் திரையை நம்பாமல், உங்கள் வங்கிக்கணக்கில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். கூட்டத்தில் எனக்கு ஒருமுறை 12 வெள்ளி இப்படிப் போயிற்று.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நமக்கு இருப்பதில்லை. இருந்தால் ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள். வீட்டுப் பணிப்பெண்கள் பலரும் வெளியே வருவது அன்றுதான். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்பது வேலைச்சட்டம் என்பதால், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதலாவதைவிட நல்லது. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் தூவானம் கீழ்த்தளத்தின் விளிம்புவரை அடிக்கும், புத்தகங்களை உள்பக்கம் வையுங்கள். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். பள்ளிகளில் பிள்ளைகள் பல இன உடைகளில் வருவார்கள் என்பதால், ஜூலைத் தொடக்கத்தில் சின்னப் பிள்ளைகளின் பாவாடை சட்டைக்குச் சீன, மலாய்ப் பெற்றோரிடம் இருக்கும் வரவேற்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவற்றை மேசையில் குவிக்காமல், துணி உலர்த்தும் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தோம்.

தொடக்கப்பள்ளிப் பயிற்சி நூல்களின் மேலட்டையில் பதிப்பாண்டைத் தெரியும்படி எழுதிவிடுங்கள், பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. மெத்தை, பழைய பால்புட்டி, தலைக்கவசம் ஆகியவற்றைக் கொண்டுவரவே வேண்டாம்.

எஞ்சுபவற்றை என்ன செய்வது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை அப்படியே வீடு திரும்பிவிடும். பெரும் அலமாரியை அகற்ற நகர மன்றத்தில் முன்பதிவு செய்தோம். துணிகள் நன்கொடைக் கடைக்குப் போயின. சந்தை முடியும் நேரத்துக்கு வரச் சொல்லியிருந்த, பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரர் செய்தித்தாள்களையும் ஓடாத இரண்டு மின்விசிறிகளையும் ஏற்றிக்கொண்டு, ஒளிநாடாக்கள் இருந்த பையைத் திறந்து பார்த்து, தலையசைத்து என்னிடமே திருப்பித் தந்தார். அவற்றில் ஒன்றின் முதுகில் என் கணவரின் கையெழுத்தில் எங்கள் திருமணத் தேதி இருந்தது. விற்கப்போகும் ஒவ்வொரு பையையும் நீங்களே ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.