பெங்களூரா முடியும்வரை

ஜூன் 9, 2025, திங்கள்

தம்பியை ஏழு இருபது டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏற்றிவிடக் கூடாதாம், பக்கத்தில் நிற்கலாமாம். அவனுக்கு ஃபேக்டரியில் வேலை பழக்கும் மிஸ் அப்படித்தான் சொல்லியிருந்தாள். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 10

இரவு பத்தரைக்கு, தம்பி தனியாக இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். அடுப்பு, ரெகுலேட்டர் இரண்டையும் மூடியிருந்தான். என் வீட்டில் நான் ரெகுலேட்டரைத் தொடுவதே இல்லை.

ஜூன் 12

இன்று ஃபேக்டரிக்குள் போய்ப் பார்க்க விட்டார்கள். கிருஷ்ணகிரியிலேயே பிறந்து வளர்ந்தும் மாங்கூழ் எப்படித் தயாராகிறது என்று இதுவரை பார்த்ததில்லை. பழுக்கவைத்த பெங்களூரா மாம்பழம் கிரேட் கிரேட்டாக வருகிறது. பழம் ஒரு பக்கம், செங்காய் ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம். தம்பிக்கு அந்தப் பிரிக்கிற வேலை. மிஸ் மூன்று கிரேட்டிலும் மூன்று போட்டோ ஒட்டியிருந்தாள். ஈரத்தில் மூன்றும் முந்தாநாளே உரிந்து விழுந்துவிட்டன என்றார்கள். அவன் அதைக் கவனிக்கவே இல்லையாம். பழத்தைப் பார்ப்பதுகூட இல்லை, கட்டைவிரலால் லேசாக அமுக்குகிறான், போடுகிறான். அம்மா சந்தையில் அப்படித்தான் அமுக்கிப் பார்த்து வாங்குவாள்.

பதினோரு வருஷம் ஒரு சென்டரில் மெழுகுவத்தி ஊற்றினான், பேப்பர் கவர் ஒட்டினான், பினாயில் கலக்கினான். பழக்கி முடித்த பிறகு வேலை என்றார்கள். பழக்கம் முடியவே இல்லை. இந்த ஊரில் அத்தனை மெழுகுவத்தியை யார்தான் ஏற்றினார்களோ. மிஸ் தலைகீழாகச் சொல்கிறாள்: முதலில் வேலையில் சேர்க்க வேண்டும், அந்த இடத்திலேயே பழக்க வேண்டும். வந்த நான்காம் நாளே அவன் கை ஓடுவதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாமா வந்திருந்தார். கறிக்குழம்பு. சாப்பிட்டு முடிக்கும்வரை நல்லவராக இருந்தார்.

"எதுக்கும்மா அவனைத் தனியா விட்டு வைக்கணும்? ஒரு ஹோம்ல சேர்த்துட்டு வீட்டை வித்துடலாம். கலெக்டர் கமிட்டியில கார்டியன் பேப்பர் வாங்கிட்டா உன் கையெழுத்தே போதும்."

1999ஆம் வருஷ நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டை விற்க வசதியாக அதைப் போடவில்லை. சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். தம்பி கொல்லையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். முப்பத்தொரு வயது, காது நன்றாகக் கேட்கும். இது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ஜூன் 18

தாழ்ப்பாள்.

அம்மா காரியம் முடிந்த மறுநாள் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னது நான்தான். ஜுரத்தில் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டால்? விழுந்துவிட்டால்? இன்றைக்கு நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது துண்டோடு நின்றுகொண்டிருந்தான். "அக்கா" என்று மட்டும் சொன்னான். அவன் குரலே இல்லை அது.

ஜூன் 24

கூலி விஷயம். அதே வேலைக்குப் பெண்களுக்கு 400, இவனுக்கு 250. "சும்மா வீட்டுல இருக்கறதுக்கு இது போதும்மா" என்றாராம் மேஸ்திரி. மிஸ் சண்டை போடவில்லை. மூன்று நாள் ஒரு நோட்டில் கிரேட்டை எண்ணினாள். பக்கத்து அக்கா 66, இவன் 62. இன்னொரு அக்கா 58. நோட்டை அப்படியே ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

350 ஆக்கியிருக்கிறார்கள். அந்த 50 எங்கே என்று மிஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானாக இருந்தால் 250க்கே கும்பிடு போட்டிருப்பேன்.

இவர் பேப்பரில் எதையோ படித்துவிட்டு, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்றார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதில் இவனைப் போல அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம், மனநோய், இன்னும் சிலர் எல்லாருக்கும் சேர்த்து 1 சதவீதம். பரீட்சையை யார் எழுதுவது?

ஜூன் 28, சனி

சம்பளம். ஒரு கிலோ மைசூர்பாகு, எனக்கு ஒரு டஜன் வளையல், ஒரு தாழ்ப்பாள். ஹார்டுவேர் கடைக்காரரே ஆளை அனுப்பி மாட்டிக்கொடுத்துவிட்டார். கூலி எண்பது ரூபாயாம், இவனே பேசி முடித்திருக்கிறான்.

நான் வளையலைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 30

இரவு போய்க் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றான். நான்தான் என்றேன். "நான்தான்னா யாரு?"

அம்மா சொல்லிக்கொடுத்தது. நான்தான் என்று சொல்கிறவர்களுக்குக் கதவைத் திறக்கக் கூடாது.

ஜூலை 3

காவேரிப்பட்டணத்தில் இறங்க வேண்டியவன் பாலக்கோட்டில் இறங்கியிருக்கிறான். தூங்கிவிட்டானாம். எட்டரை வரை நான் பஸ் ஸ்டாண்டில். போன் சுவிட்ச் ஆஃப். போலீசுக்குப் போகலாம் என்று இவர் வண்டியை எடுக்கும்போது எதிர் பஸ்ஸிலிருந்து இறங்கினான், கையில் பஜ்ஜிப் பொட்டலம். திட்டினேன். அடித்திருப்பேன், இவர் பிடித்துக்கொண்டார்.

"கேட்டேன், சொன்னாங்க, ஏறினேன்" என்றான். அவ்வளவுதான் கதை. பஜ்ஜி ஆறியிருந்தது. சாப்பிட்டோம்.

ஜூலை 8

வங்கி. மாதம் வரும் உதவித்தொகை 2,000 ரூபாயும் இப்போது சம்பளமும் அவன் கணக்கில்தான். ஏடிஎம் கார்டு கேட்டால் கார்டியன் சர்டிபிகேட் கேட்கிறார்கள். மிஸ் போனில் அந்த 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவைக் காட்டினாள், தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு என்பது. "சட்டம் சரிம்மா, சிஸ்டத்துல ஆப்ஷன் இல்லையே" என்றார் அந்த அதிகாரி. முக்கால் மணி நேரம். தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "என் பணம்தானே அக்கா?"

ஜூலை 9

தூக்கம் இல்லை. கேஸ் பார்க்கப் போகவில்லை. பதினொன்றரை வரை போகாமல் இருந்தேன். அப்புறம் தெரு முனை வரை போய் விளக்கு அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15

மிஸ் இனி வாரம் இரண்டு நாள்தான் வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக விலக வேண்டுமாம், அதுதான் முறையாம். பக்கத்து அக்காக்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறாள். அவளுக்கு இருபத்தாறு வயது. விலகுவதைப் பற்றி அவள் சுலபமாகப் பேசலாம்.

ஜூலை 22

காய்க்கு விலையே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. கூழ் தேங்கிக் கிடக்கிறதாம். இரண்டு ஷிஃப்டை ஒன்றாக்கிவிட்டார்கள். இவன் இருக்கிற ஷிஃப்ட் தப்பித்தது.

ஜூலை 26

வளையல் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் பெரிசு.

ஜூலை 31

நாளையோடு சரி. சீசன் முடிந்தது, எல்லோருக்கும்தான், இவனுக்கு மட்டும் இல்லை என்று மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். அடுத்த வருஷம் கூப்பிடுவார்களாம். அந்த அக்காக்கள் நாற்றுப் பண்ணைக்குப் போவார்கள், களையெடுக்கப் போவார்கள், அவர்களுக்கு அடுத்த வேலை எது என்று கேட்கவே வேண்டாம். மிஸ் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளி மண்டியில் பேசிக்கொண்டிருக்கிறாள். பழமும் காயும் பிரிக்கிற வேலைதானே என்றாள். மண்டி விடியற்காலை நாலு மணிக்கு. பஸ்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஃபேக்டரி அக்காக்கள் டேமுக்கு இவனையும் கூட்டிப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. வேலை இல்லை என்பதைப் போன வெள்ளியே சொல்லிவிட்டேன். தலையாட்டினான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மணி ஏழு பத்து. ஸ்டாப்பில் நிற்கிறான். சீவிய தலை, டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை. நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் இருந்து இதை எழுதுகிறேன். மிஸ் போன் எடுக்கவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வரலாமா, விடலாமா. ஏழு இருபது திருப்பத்தில் வந்துவிட்டது