முருகன் மேலே போயாச்சா?

2023 டிசம்பர் வரைக்கும் "தாமிரபரணி கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை" என்று டிவியில் ஓடினால் எங்கள் சிந்துபூந்துறையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டியை எடு, பாலத்துக்குப் போ, வெள்ளம் பார். திருநெல்வேலிக்காரர்களுக்கு வெள்ளம் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. சுலோசன முதலியார் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்ந்துகொண்டு, தைப்பூச மண்டபம் முங்கிவிட்டதா, இன்னும் எவ்வளவு தெரிகிறது, அந்தா போவது மரமா மாடா என்று பேசிக்கொண்டே நிற்பார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டினால் கூட்டம் பத்தடி தள்ளிப் போய் நின்று அதே ஆற்றை மறுபடி பார்க்கும். 1843-இல் கட்டிய பாலம் அது. வெள்ளத்தைப் பார்த்ததைவிட, வெள்ளம் பார்க்க வந்தவர்களைத்தான் அது அதிகம் பார்த்திருக்கும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சுகத்துக்கு ஒரு முடிவு வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரியைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா வாசல் நடையில் மணல் மூட்டை அடுக்கி, கம்பைக் கையில் வைத்துக்கொண்டு தார்சாவில், அதாவது முன்கட்டில், உட்கார்ந்து காவல் காத்தார். தண்ணீர் வாசல் பக்கமே வரவில்லை. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற அங்கணக்குழி வழியாகக் கொப்பளித்து ஏறி, அரங்கு என்கிற உள்ளறையைத் தாண்டி, பட்டாசல் என்கிற கூடம் வழியாக வந்து, அப்பாவைப் பின்னாலிருந்து தொட்டது. அந்த வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் சிரிப்பாக எழுத மனசு வரவில்லை, நிறையப் பேர் நிறைய இழந்தார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷக் கதை.

2024 டிசம்பர். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. முந்தைய வருஷம் சூடு பட்ட தெரு என்பதால், தாழ்வு என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப்பேர் கட்டிலுக்குக் கீழே இருந்ததை எல்லாம் எடுத்துக் கட்டிலுக்கு மேலே வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எதிர்வீட்டு அண்ணாச்சியைச் சொல்லியாக வேண்டும். ஏதோ ஒரு ஆபீசில் கணக்குப் பார்த்து ரிட்டையர் ஆனவர். 2023-க்குப் பிறகு தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தாமிரபரணியையே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் நாம் பல் தேய்ப்பதற்குள் பாபநாசம் அணை 143-க்கு எவ்வளவு, சேர்வலாறு 156-க்கு எவ்வளவு, மணிமுத்தாறு 118-க்கு எவ்வளவு என்று அடிக்கணக்கு வந்துவிடும். அடுத்தது நீர்வரத்து, வெளியேற்றம். அதற்குப் பிறகு நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை. இந்த நாலு எஸ்டேட்டுக்கும் எங்கள் தெருவில் போனவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் ஊத்தில் நேற்று எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். கடலிலிருந்து வருகிற கீழைக்காற்று மேகத்தை எல்லாம் நம் தலைக்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய் மலையில் மோதவிடும், இங்கே டவுணில் தூறல்கூட இருக்காது, அங்கே கொட்டித் தீர்த்தது நம் தெருமுனைக்கு ஆறாக வந்து சேரும். அதனால் வானத்தைப் பார்த்து எங்கள் ஊரில் ஒன்றும் சொல்ல முடியாது, குரூப்பைத்தான் பார்க்க வேண்டும்.

குரூப்பில் ஒரு சண்டையும் நிரந்தரமாக உண்டு. பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் ஜங்ஷனுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம்? ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் பஸ் வரும் நேரத்தை வைத்துச் சொல்வார். யாராவது குற்றால மெயின் அருவி வளைவை மறைத்துக்கொண்டு கொட்டுகிற வீடியோவைப் போட்டு "எல்லாரும் உஷார்" என்று எழுதினால் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிடும். "குத்தாலத் தண்ணி சித்தாத்துல போயி சீவலப்பேரிகிட்டதாம்டே தாமிரபரணில சேருது, அது நமக்குக் கீழ. கடனாநதி என்ன ஆச்சுன்னு எவனாவது கேட்டியளா? அது திருப்புடைமருதூர்ல சேருது, அதுதான் நம்மகிட்ட வரும்" என்று வாய்ஸ் மெசேஜில் பூகோளப் பாடமே நடத்திவிடுவார். தப்பில்லாமல்தான் சொல்வார், அதுதான் எரிச்சல்.

சரி, டிசம்பர் 12 ராத்திரி மழை பிடித்தது. வெறும் தூறல் இல்லை, தகரத்தில் விழுந்தால் பேச்சுக் கேட்காத மழை. செல்போனில் எச்சரிக்கை மெசேஜ் வந்தது. வீட்டில் நாலு போன் என்பதால் நாலு தடவை வந்தது, நாலு தடவையும் ஆச்சி எழுந்து உட்கார்ந்து "என்ன கலருலே?" என்று கேட்டாள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஆச்சிக்குத் தெரியும். ஆனால் எதையும் நம்பமாட்டாள். சிவப்பு என்று சொன்னால் "அவாளுக்கென்ன, மெட்ராஸ்ல உக்காந்துட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவாள். 1992 வெள்ளத்தைப் பார்த்தவள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. பக்கத்து வீட்டுப் பையன், ஏழாம் வகுப்பு, எங்கள் மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து ஸ்கேலால் அளந்து "31 செ.மீ" என்று குரூப்பில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். 20-ஐத் தாண்டினாலே அதி கனமழை என்பது இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் வந்து வாளியைப் பரிசோதித்தார். "ஏலே, வாளிக்கு வாய் அகலம், அடி ஒடுக்கம். பத்து பெஞ்சா கூடத்தான் காட்டும். போதாக்குறைக்கு ஓட்டுத் தண்ணி வேற இதுல ஒழுகுது." தன் வீட்டிலிருந்து நேராக இருக்கும் ஒரு சம்படத்தைக் கொண்டுவந்து மாடி நடுவில் வைத்து, காலை எட்டரைக்கு எட்டரைதான் கணக்கு, நடுவில் எவனும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடி என்று சொன்னேன் அல்லவா, பிரச்சினையே அங்கேதான். எங்கள் வரிசையில் மச்சு உள்ள வீடு எங்களுடையது மட்டும். 2023-க்குப் பிறகு அப்பா கடன் வாங்கி மேலே ஒரு ரூம் போட்டார், வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். கொத்தனார் "திருப்பம் குறுகலா இருக்கும் அண்ணாச்சி" என்று அப்போதே சொன்னார். "நாங்க என்ன யானையா கொண்டு போகப்போறோம்" என்றார் அப்பா.

பத்து மணிக்கு ஊர்வலம் ஆரம்பித்தது. முதலில் ஒரு வீட்டிலிருந்து பீரோச் சாவியும் பத்திரங்களும் ஒரு பாலிதீன் பையில் வந்தன. அது நியாயம். அப்புறம் அரிசி மூட்டை. அப்புறம் கிரைண்டர், கேஸ் சிலிண்டர், பாய், தலையணை, தையல் மிஷின், கல்யாண ஆல்பங்கள், ஊறுகாய் ஜாடி, ஐந்து மிக்சி, அதில் மூன்று ஒரே கம்பெனி, ஒரே கலர். ஒரு பெரியம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கூட ஒரு ஓரமா நிக்கும், ஒண்ணும் செய்யாது" என்றார். கடைசியில், நாலு இளவட்டங்கள் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ். திருப்பத்தில் அது சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்க, கீழே நின்று அண்ணாச்சி "லெஃப்ட்ல சாய், லெஃப்ட்ல" என்று கத்த, தூக்கியவர்களில் ஒருவன் "யாருக்கு லெஃப்ட்?" என்று கேட்க, மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கைப்பிடிக் கம்பியைக் கழற்றித்தான் ஃப்ரிட்ஜ் மேலே போனது.

எல்லாம் ஏறிவிட்டது. ஆச்சி மட்டும் ஏறவில்லை.

"முருகன் மேல போயாச்சா?" என்று கேட்டாள்.

குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தெரியாதவர்களுக்கு: ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில் அது. வெள்ளம் மோதிப் பிரிந்து போகட்டும் என்று தண்ணீர் வருகிற பக்கத்துச் சுவரைப் படகின் முனை மாதிரி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது உற்சவரை எடுத்துக்கொண்டு போய்க் கரைக்கு மேலே உள்ள மேலக்கோவிலில் வைத்துவிடுவார்கள். ஆச்சியைப் பொறுத்தவரை எச்சரிக்கை என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பேச்சு.

தம்பி உடனே வண்டிச் சாவியை எடுத்தான். ஆச்சி பேரைச் சொல்லி வெள்ளம் பார்க்க ஒரு சான்ஸ். "கரையில இருந்தே பாத்துட்டு வந்துரணும்" என்று அம்மா கத்தியது அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அரை மணி நேரத்தில் வீடியோ வந்தது. கோவிலைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று தண்ணீர், உற்சவர் மேலக்கோவிலில் பத்திரமாக இருக்கிறார். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"உற்சவர் சரி. மூலவர் அங்கனதான இருக்காரு?"

"ஆச்சி, மூலவர் பாறையில செதுக்குனவரு. அவரு எப்படி வருவாரு?" என்றேன்.

"அப்போ அவரு தண்ணிக்குள்ள இருக்கும்போது நான் மட்டும் மச்சுல போயி உக்காரணுமோ?"

அப்பா பொறுமை இழந்து, "எங்க அம்மையும் மூலவர்தாம்டே, பாறை" என்று முணுமுணுத்தார். ஆச்சிக்குக் காது சரியாகக் கேட்காது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருப்பது இந்த மாதிரி நேரங்களில் மட்டும் பொய்யாகிவிடும். "பாறைன்னா சொல்லுத?" என்று எழுந்தாள். வெற்றிலை இடிக்கும் உரலையும் உலக்கையையும் மடியில் கட்டிக்கொண்டாள். அந்தக் கோபத்திலேயே ஒரே மூச்சில் மச்சுக்கு ஏறிவிட்டாள். பேரிடர் மேலாண்மையில் இப்படியும் ஒரு வழி இருக்கிறது, எங்கேயும் எழுதி வைத்த மாதிரி தெரியவில்லை.

அன்றைக்குத் திருக்கார்த்திகை வேறு. எங்கள் பக்கத்தில் ஓலைக்கொழுக்கட்டை இல்லாமல் கார்த்திகை கிடையாது. அம்மா முந்தின நாளே வாங்கி வைத்திருந்த பனங்குருத்து ஓலைக் கட்டை முதல் வேலையாக மேலே ஏற்றியிருந்தாள். மத்தியானம் மாவைப் பிசைந்துவிட்டு ஓலையைத் தேடினால், ஒண்ணும் செய்யாத ஆடு முக்கால்வாசியைத் தின்று முடித்துவிட்டு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு வெட்கம். "ஓலைன்னா அதுக்கு உசுரு" என்றார். ஆட்டுக்கு அப்புறம் மிஞ்சியது எட்டு, பத்து ஈர்க்கு. ஐந்து வீட்டு ஆட்களும் கையால் பிடித்த கொழுக்கட்டைதான் தின்றோம். ஆச்சி மட்டும் ஓலை வாசம் இல்லாததை யாராவது பக்கத்தில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை, வாசலில் விளக்கு வைக்க வழியில்லை, படிக்கட்டில் மழை படாத படிகளாகப் பார்த்து அகல் ஏற்றினோம். ஃப்ரிட்ஜ் சிக்கிய திருப்பத்துக்கு இரண்டு அகல் கூடுதலாக வைத்தாள் அம்மா.

சாயங்காலத்தில் ஆறு தெருமுனைக்கு வந்துவிட்டது. ஆற்றங்கரைப் பக்கத்துக் கடைசி வீட்டின் முதல் படி நனைந்தது, இரண்டாவது படி நனைந்தது. அண்ணாச்சி டார்ச்சும் சாக்பீஸுமாகப் போய் மணிக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதி, போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். ஏழு மணிக் கோடு ஆறு மணிக் கோட்டுக்கு நாலு விரல் மேலே. எட்டு மணிக் கோடு ஒரு விரல் மேலே. ஒன்பது மணிக்கு அவர் கோடு போடவில்லை, "எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரே கோடு" என்று எழுதினார். பத்து மணிக்குக் கோடு கீழே இறங்கிவிட்டது.

எல்லோருக்கும் நிம்மதி என்றுதான் எழுத வேண்டும். நிம்மதிதான். ஆனால் மச்சு ரூமில் ஐந்து குடும்பத்துச் சாமான்களுக்கு நடுவில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு சித்தப்பா, கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டே, "ஒரு அடி கூட வந்திருந்தாத் தூக்குனதுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை.

மழை ஓய்ந்தது, சாமான்கள் கீழே இறங்கின. ஏறும்போது அடித்த ஓட்டம் இறங்கும்போது இல்லை. மூன்று மிக்சிகளில் எது யாருடையது என்பதில் இன்றுவரை முடிவு தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் மிக்சி முன்னால் இருந்ததைவிட நன்றாக அரைக்கிறது என்பதால் அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சம்படத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று, அந்தத் தண்ணீரையும் ஆடு குடித்துவிட்டது.

ஃப்ரிட்ஜ்தான் இறங்கவில்லை. தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், மிச்சம் இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. பொங்கல் கழியட்டும் என்றார் அண்ணாச்சி. பொங்கல் கழிந்ததும், "எப்படியும் அடுத்த ஐப்பசியில மறுபடி ஏத்தணும்லா" என்றார் அவர் வீட்டு மதினி. காலையில் ஆறு மணிக்குப் பால் எடுக்க, ஏழு மணிக்கு மாவு எடுக்க, பத்து மணிக்குக் கத்தரிக்காய் எடுக்க என்று எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். கரண்ட் பில் வந்ததும்தான் அப்பா விழித்துக்கொண்டார். 500 யூனிட்டைத் தாண்டி வேறு ரேட்டுக்குப் போயிருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அப்புறம் ஒரு பழைய டைரியை எடுத்து நடுவில் கோடு கிழித்தார்.

"அவசரப்படாதீய. மொதல்ல உங்க வீட்டு வரத்து எவ்வளவு, என் ஃப்ரிட்ஜோட வெளியேற்றம் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிருவோம்" என்றார்.