பார்ட்டிஷன் டேபிளை மரத்தில் காட்டுவது: வேலை நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் 10-ஆம் பதிப்பு வந்த 2017-லிருந்து அதன் டேபிளில் இரண்டு வகை உண்டு. தரவைத் தானே வைத்திருப்பது ஒன்று. தன்னிடம் ஒரு வரியும் வைத்துக்கொள்ளாமல், வரும் வரிகளை எல்லை பார்த்துப் பிள்ளை டேபிள்களுக்கு (பார்ட்டிஷன்களுக்கு) அனுப்பிவிடும் தாய் டேபிள் இன்னொன்று. தரவுத்தள நிர்வாகக் கருவியின் இடப்பக்கத்தில் எல்லாவற்றையும் கிளைகளாகக் காட்டும் மரத்தில் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தால், அங்கே தெரியும் எண்களில் பாதி பொய்யாகிவிடும்.

முதல் வேலை, 'டேபிள்கள்' கணுவை (மரத்தின் கிளையை) நிரப்பும் க்வெரி, அதாவது தரவு கேட்கும் கட்டளை. டேபிள்களின் விவரம் இருக்கும் பிஜி_கிளாஸ் என்ற உள்பட்டியலில் ரெல்கைண்ட் (வகை) மதிப்பு சாதாரண டேபிளுக்கு 'ஆர்', பார்ட்டிஷன் தாய்க்கு 'பி'. பழைய க்வெரி 'ஆர்' மட்டும் கேட்கும். அதனால் 'விற்பனை' என்ற தாய் மரத்தில் இருக்காது. ஐந்து வருடத்து மாதப் பிள்ளைகள் 60-ம் ஊர் பேர் தெரியாத தனி டேபிள்களாக வரிசை கட்டி நிற்கும். 'பி'-யையும் சேர்த்துவிட்டால் தாயும் தெரியும், அறுபதும் தெரியும். ரெல்இஸ்பார்ட்டிஷன் (இது பார்ட்டிஷனா என்று சொல்லும் பத்தி, அதாவது நெடுவரிசை) பொய் என்ற நிபந்தனையையும் போட்டால்தான் உச்சியில் இருப்பவை மட்டும் வரும். உட்பார்ட்டிஷன் தாய் 'பி'-யாகவும் இருக்கும், பார்ட்டிஷனாகவும் இருக்கும் என்பதால் ரெல்கைண்டை மட்டும் நம்ப முடியாது.

ரெல்இஸ்பார்ட்டிஷன் பத்தி 10-க்கு முந்தைய சர்வரில் கிடையாது, க்வெரி பிழையில் விழும். சர்வர் பதிப்பெண் 100000-க்கு (அதாவது 10-ஆம் பதிப்புக்கு) கீழே இருந்தால் வேறு க்வெரி வேண்டும். பிஜிஅட்மின் 4 என்ற நிர்வாகக் கருவி இதற்காக எஸ்க்யூஎல் (க்வெரி மொழி) வார்ப்புகளைப் பதிப்புவாரியாகத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருக்கிறது. ஒரே க்வெரிக்குள் நிபந்தனைகளை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

2025 மார்ச் 4, செவ்வாய்

தாய்க்குள்ளே 'பார்ட்டிஷன்கள்' என்று ஒரு கணு. அதைத் திறக்கும்போதுதான் க்வெரி போக வேண்டும். மரம் திறந்தவுடனே எல்லாவற்றையும் இழுக்கக் கூடாது.

பிஜி_இன்ஹெரிட்ஸ் என்ற உள்பட்டியலில் தாய்-பிள்ளை உறவு இருக்கிறது. ஆனால் பழைய இன்ஹெரிட்டன்ஸ் (பார்ட்டிஷனுக்கு முன்பே இருந்த வாரிசு முறை) டேபிள்களும் அங்கேதான் பதிவாகின்றன, எனவே பிள்ளை பக்கமும் ரெல்இஸ்பார்ட்டிஷன் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 12-ல் வந்த பிஜி_பார்ட்டிஷன்_ட்ரீ என்ற சார்பு (ஃபங்ஷன்) மொத்தப் பரம்பரையையும் மட்டத்தோடு தருகிறது, எழுதவும் சுலபம். ஆனால் அது ஒவ்வொரு பிள்ளைமேலும் படிப்பு லாக் (பூட்டு) கேட்கும். யாரோ ஒரு பிள்ளையில் ஆல்டர் (அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டிக்கொண்டிருந்தால் மரம் அப்படியே உறையும். பட்டியலுக்கு பிஜி_இன்ஹெரிட்ஸே போதும்.

வரிசை: பிஜி_இன்ஹெரிட்ஸின் வரிசை எண் பத்தியான இன்எச்செக்நோ பார்ட்டிஷனுக்கு எப்போதும் 1, பயனில்லை. பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவி செய்வது நல்ல வழி: டீஃபால்ட்டை (வேறெந்த எல்லைக்கும் பொருந்தாத வரிகள் போகும் பிள்ளையை) கடைசிக்குத் தள்ளி, மற்றதைப் பெயர்வாரியாக அடுக்குகிறது. பெயரில் மாதத்தை '9', '10' என்று எழுதியிருந்தால் 10 முன்னால் வந்து நிற்கும், ஆகவே எண் உணர்ந்த ஒப்பீடு தேவை.

பிள்ளை அயல் டேபிளாகவும் இருக்கலாம் (வெளியே உள்ள தரவைக் காட்டுவது, ரெல்கைண்ட் 'எஃப்'), வேறு ஸ்கீமாவிலும் (டேபிள்களைத் தொகுக்கும் பெயர்வெளி) இருக்கலாம். பெயரை ஸ்கீமாவோடு சேர்த்தே காட்ட வேண்டும். பழையதை 'காப்பகம்' ஸ்கீமாவுக்கு நகர்த்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பிள்ளைகளை உச்சியில் காட்டாததால், அந்த ஸ்கீமாவைத் திறப்பவருக்கு அது காலியாகத் தெரியும். அங்கே 'மறைக்கப்பட்ட பார்ட்டிஷன்கள்: 36' என்று ஒரு வரி போட்டால் குழப்பம் தீரும்.

2025 மார்ச் 6, வியாழன்

எல்லையை எப்படிக் காட்டுவது? எல்லை இருக்கும் ரெல்பார்ட்பவுண்ட் பத்தியை பிஜி_கெட்_எக்ஸ்பிஆர் சார்பு வழியாகப் படித்தால் 'இதிலிருந்து இதுவரை' என்ற வாசகம் அப்படியே கிடைக்கும். மேல் எல்லை அந்தப் பிள்ளையில் சேராது. மார்ச்சுக்கு 'மார்ச் 1 – மார்ச் 31' என்று கருவி அழகுபடுத்திக் காட்டினால் தவறு. 'மார்ச் 1 முதல், ஏப்ரல் 1-க்கு முன்' என்றுதான் காட்ட வேண்டும்.

இதைவிட மோசமான பொறி நேர மண்டலம். டைம்ஸ்டாம்ப்டிஇசட் (நேர மண்டலம் அறிந்த நேர வகை) எல்லை, பார்ப்பவரின் அமர்வு (சர்வர் இணைப்பு) மண்டலத்தில்தான் அச்சாகும். சர்வரில் ஓடும் தானியங்கி வேலை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) மார்ச் பிள்ளையை உருவாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிபீவர் என்ற கருவியில் திறந்தால், அது சர்வரோடு பேசும் ஜேடிபிசி டிரைவர் கணினியின் மண்டலத்தையே அமர்வுக்கு அனுப்பிவிடும். இந்திய நேரத்தில் இருக்கும் மடிக்கணினியில் அதே எல்லை '2025-03-01 05:30:00+05:30' என்று தெரியும். தரவில் பழுதில்லை, காட்சிதான் மாறுகிறது.

பழுது தொடங்குவது, அதே அமர்விலிருந்து ஏப்ரல் பிள்ளையை '2025-04-01' என்று வெறும் தேதி கொடுத்து உருவாக்கும்போது. அது யுடிசியில் மார்ச் 31 மாலை 18:30. மார்ச் பிள்ளை ஏப்ரல் 1 யுடிசி நள்ளிரவு வரை இருப்பதால், எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதாகப் பிழை வரும். பிழை வருவது நல்லது, உடனே தெரிந்துவிடும். மார்ச் பிள்ளையும் இந்திய நேரத்தில் உருவானதாக இருந்தால் ஏப்ரல் பிழையின்றி ஒட்டிக்கொள்ளும். பிறகு தானியங்கி வேலை மே பிள்ளையை யுடிசியில் உருவாக்கும்போது நடுவே ஐந்தரை மணி நேர ஓட்டை விழும். ஏப்ரல் 30 மாலை 18:30 யுடிசிக்கு வரும் முதல் வரிக்குப் போக இடமில்லை. இன்செர்ட் பிழையாகும், அல்லது சத்தமில்லாமல் டீஃபால்ட்டில் போய் விழும்.

ஆகவே மூன்று முடிவு. எல்லைப் பத்தியின் தலைப்பிலேயே அமர்வு மண்டலம் எழுதப்பட வேண்டும். புதிய பார்ட்டிஷன் பெட்டியில் முந்தைய பிள்ளையின் மேல் எல்லையை அதன் '+00' அல்லது '+05:30' உட்பட நிரப்பித் தர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் பட்டியலில் அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வரி வர வேண்டும். மூன்றாவதுதான் மிகவும் முக்கியம் என்பேன். பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பவர் யாரும் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க மாட்டார்.

2025 மார்ச் 10, திங்கள்

அளவு. தாய்மேல் பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் சார்பைக் கேட்டால் விடை 0. சில நூறு ஜிபி தரவுள்ள டேபிளுக்குப் பக்கத்தில் '0 பைட்' என்று நின்றால், பயன்படாத டேபிள் என்று நினைத்து யாராவது அழித்துவிடும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. இலைப் பிள்ளைகளை (தமக்குக் கீழே பிள்ளை இல்லாதவற்றை) கூட்டித்தான் காட்ட வேண்டும்.

ஆனால் அந்தச் சார்பும் லாக் கேட்கும். மரத்தில் தோராயம் போதும்: ரெல்பேஜஸை (டேபிளின் பக்க எண்ணிக்கையை) 8 கேபியால் பெருக்கிக் கூட்டலாம், லாக் வேண்டாம். இது இன்டெக்ஸையும் (தேடல் சுட்டி) டோஸ்டையும் (பெரிய மதிப்புகளின் தனிச் சேமிப்பு) சேர்க்காது, அதுவும் கடைசி வேக்யூம் (துப்புரவு) அல்லது அனலைஸ் (புள்ளிவிவரச் சேகரிப்பு) நேரத்து எண். எனவே முன்னால் 'சுமார்' என்று போட வேண்டும். துல்லிய அளவு, பயனர் கேட்டால் மட்டும், லாக்_டைம்அவுட் (லாக்குக்குக் காத்திருக்கும் வரம்பு) 2 விநாடி வைத்து.

வரி எண்ணிக்கையில் சின்ன விஷயம் ஒன்று பெரிய அசிங்கம் செய்யும். போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து, வேக்யூமோ அனலைஸோ ஒருமுறையும் ஆகாத டேபிளின் ரெல்டூப்பிள்ஸ் (மதிப்பிட்ட வரி எண்ணிக்கை) -1. அப்படியே கூட்டினால் புதிதாக உருவான 60 பிள்ளைகளுக்கு '-60 வரிகள்'. -1 என்றால் 'தெரியவில்லை'. கூட்டலில் சேர்க்காமல், எத்தனை பிள்ளைக்குத் தெரியவில்லை என்று தனியே சொல்ல வேண்டும்.

தாயை ஆட்டோவேக்யூம் (பின்னணியில் தானாக ஓடும் பராமரிப்பு) அனலைஸ் செய்வதில்லை, பிள்ளைகளை மட்டுமே செய்யும். தாயின் பக்கத்தில் அனலைஸ் பொத்தான் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

2025 மார்ச் 11, செவ்வாய்

மைஎஸ்க்யூஎல் (இன்னொரு தரவுத்தளம்) பக்கம் ஒரு குறிப்பு. அங்கே பார்ட்டிஷன் தனி டேபிள் அல்ல, டேபிளின் உட்கூறு. தகவல் ஸ்கீமாவின் பார்ட்டிஷன்ஸ் காட்சியே போதும். இன்னோடிபி என்ற அதன் சேமிப்பு முறையில் அது தரும் வரி எண்ணிக்கை மதிப்பீடுதான்.

2025 மார்ச் 13, வியாழன்

மீண்டும் போஸ்ட்கிரெஸ்: இன்டெக்ஸ் கணு. தாயின் இன்டெக்ஸ் ரெல்கைண்ட் பெரிய 'ஐ', சாதாரணம் சின்ன 'ஐ'. எழுதுவதைத் தடுக்காமல் இன்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி தாய்மேல் ஓடாது. வழி: தாய்மேல் 'ஒன்லி' (தாய்க்கு மட்டும்) போட்டு வெற்று இன்டெக்ஸ், பிறகு ஒவ்வொரு பிள்ளையிலும் கன்கரன்ட்லி, பிறகு ஒவ்வொன்றாக அட்டாச். கடைசிப் பிள்ளை ஒட்டும்வரை தாய் இன்டெக்ஸ் செல்லாததாகவே இருக்கும். 60-ல் 59 முடித்து மறந்துபோனால் அந்த நிலை அப்படியே நிற்கும். செல்லாத இன்டெக்ஸுக்குச் சிவப்புக் குறியும், இன்னும் ஒட்டாத பிள்ளையின் பெயரும் தேவை.

2025 மார்ச் 17, திங்கள்

வலது சொடுக்குப் பட்டியல். இன்ஹெரிட்டன்ஸ் தாயை நீக்க கேஸ்கேட் (சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கச் சொல்வது) வேண்டும். பார்ட்டிஷன் தாய்க்கு வேண்டாம். வெறும் ட்ராப் போட்டாலே எல்லாப் பிள்ளைகளும் கூடவே போய்விடும். 'கேஸ்கேட் இல்லை, அதனால் பாதுகாப்பு' என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. உறுதிப்படுத்தும் பெட்டியில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

டிட்டாச் (பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது): போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து இதற்கும் கன்கரன்ட்லி உண்டு. டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, எனவே கருவியின் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் உடனே உறுதிசெய்வது) அணைந்திருந்தால் பிழை வரும். தாய்க்கு டீஃபால்ட் பிள்ளை இருந்தாலும் அனுமதி இல்லை. அப்போது அந்தத் தேர்வை மங்கலாக்கிக் காரணத்தைச் சொல்ல வேண்டும். நடுவில் ரத்தானால் பிள்ளை பாதி பிரிந்த நிலையில் நிற்கும், பிஜி_இன்ஹெரிட்ஸின் இன்எச்டிட்டாச்பெண்டிங் பத்தி அதைச் சொல்லும். பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு 'பிரிப்பு முடியவில்லை' என்ற குறியும், ஃபைனலைஸ் (பிரிப்பை முடிப்பது) என்ற ஒரே தேர்வும் போதும்.