தொட்டுப் பார்க்காத செல்லம்

வீட்டுக்கு வருகிறவர்கள் அலுமாரியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "உது உயிரோடயோ இருக்கு?" என்றுதான். நியாயமான கேள்வி. டரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்ப்பதில் முக்கால்வாசி நேரம், அது அசையாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அடுத்தது, "கடிச்சால் ஆள் முடிஞ்சுதோ?" மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், முகத்தில் தெரியும்: இவனுக்கு ஒரு பூனையை வளர்த்தால் என்ன.

கடிக்கும், ஆனால் சாக மாட்டோம். டரன்டுலா கடித்து மனிதர் இறந்ததாக நம்பத்தகுந்த பதிவு எதுவும் இல்லை. அதற்காக எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடவும் கூடாது. இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு, வளர்ப்பவர்கள் அவற்றை அமெரிக்கக் கண்டத்துக்காரர், மற்றக் கண்டத்துக்காரர் என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். மெக்சிகோ, பிரேசில், சிலி பக்கத்துச் சிலந்திகளில் பெரும்பாலானவை சாது. கோபம் வந்தால் பின்காலால் வயிற்றை விறுவிறு என்று தேய்த்து முடியை உதிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முடியில் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன, தோலில் பட்டால் சொறி, கண்ணில் போனால் பெரிய பிரச்சினை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் தன் சிலந்தியின் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அது முகத்தில் முடியை விசிறிவிட்டது, கண்ணின் கருவிழிக்குள் முடி குத்திக்கொண்டு நின்றதை மருத்துவர்கள் கண்டுபிடித்து லான்செட் இதழில் எழுதினார்கள். நான் பெட்டி துப்புரவாக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது அதனால்தான், பார்க்கிறவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. ஆசிய, ஆபிரிக்கச் சிலந்திகளிடம் அந்த முடி இல்லை. பதிலுக்கு வேகமும் விஷமும் கூட. எங்கள் ஊர்ப் புலிமுகச் சிலந்தியின் கூட்டத்தைச் சேர்ந்தது கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் வந்து வந்து போகும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

என்னிடம் இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது மெக்சிகோச் சிவப்பு முழங்கால் சிலந்தி. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம்தான் அதன் ஊர். கறுப்புக் காலில் ஒவ்வொரு மூட்டிலும் செம்மஞ்சள் பூசி வைத்த மாதிரி இருக்கும், படங்களில் டரன்டுலா என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். பல வருடம் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் விற்றார்கள், 2017இல் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, நீங்கள் வைத்திருப்பதில் பெரும்பாலானது பிராக்கிபெல்மா ஹமோரி என்றார்கள். உலகம் முழுக்கப் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை எல்லாம் கிழித்து மாற்ற வேண்டியதாயிற்று. சிலந்திக்கு ஒரு கவலையும் இல்லை.

அதற்கு என்னைத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "உங்களை அடையாளம் தெரியுமா" என்று ஆசையோடு கேட்பவர்கள் நிறையப் பேர். எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டம். காலில் இருக்கும் முடிகளில் படும் அதிர்வை வைத்துத்தான் உலகத்தை அறிகிறது. அதன் கணக்கில் நான் அவ்வப்போது வந்துபோகும் ஒரு பெரிய அதிர்வு, அவ்வளவுதான். உள்ளங்கையில் ஏற்றிப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் கடி வாங்குவது அவர்கள் பாடு. ஆனால் திடீரென்று பயந்து கையை உதறினால் சிலந்தி கீழே விழும், விழுந்தால் வயிறு வெடிக்கும். வயிற்றுப் பகுதியில் மெல்லிய தோல் மட்டும்தான், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே பெரிய சிலந்தி ஒன்று முடிந்துபோகலாம்.

பெட்டி விஷயத்திலும் இதே கதைதான். நிலத்தில் வாழும் சிலந்திக்கு உயரமான அழகான கண்ணாடித் தொட்டியை வாங்கி, அடியில் இரண்டு விரற்கடை மண்ணைப் போட்டு வைத்தால், இரவில் கண்ணாடியில் ஏறி விழுந்து சாகும். மண்ணிலிருந்து மூடிக்கு உள்ள உயரம் சிலந்தியின் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது, மீதி எல்லாம் மண்ணாக இருக்கட்டும், தோண்டட்டும். நான் போடுவது தென்னந்தும்புத் தூள். இங்கே கடையில் கட்டியாக அழுத்தி விற்பார்கள், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும், உறையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கைத் தயாரிப்பு என்று இருக்கும். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டைத் துண்டு, தண்ணீருக்கு ஒரு சின்னத் தட்டு, சரி முடிந்தது. விளக்கு வேண்டாம். அடியில் சூடேற்றும் பாயும் வேண்டாம், சூடு தாங்காவிட்டால் தோண்டிக் கீழே போய்த் தப்புவதுதான் அதன் இயல்பு, கீழேயே நெருப்பை வைத்தால் எங்கே போகும்? மனிதருக்குப் பொருந்தும் அறைச் சூடு அதற்கும் போதும்.

சாப்பாடு வாரத்துக்கு ஒரு சுவர்க்கோழி, வளர்ந்ததற்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றுகூடப் போதும். சுவர்க்கோழி இரவெல்லாம் கத்தும் என்பதால் நான் அர்ஜென்டினாக் கரப்பானுக்கு மாறினேன், அது சத்தம் போடாது, வழுவழுப்பான பெட்டியில் ஏறவும் தெரியாது. அம்மா சிலந்திக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. "காசு குடுத்துக் கரப்பான் வாங்கி வளர்க்கிற பிள்ளையை நான் பெத்திருக்கிறன்" என்று ஃபோனில் பெரியம்மாவிடம் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

இப்படி ஒன்றும் நடக்காத பிராணியை ஏன் வளர்க்க வேண்டும் என்றால், தோலுரிப்பைப் பார்க்க வேண்டும். அதற்காகவே வளர்க்கலாம்.

சில வாரத்துக்கு முன்பே அடையாளம் தெரியும். சாப்பாட்டைத் தொடாது. வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தால் அது கறுத்துப் பளபளக்கும், உள்ளே புது முடி தயாராவதன் நிறம் அது. பிறகு ஒரு நாள் தரையில் பட்டுப்பாய் போல வலை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் அலறுவது இந்த இடத்தில்தான், செத்துவிட்டது என்று எடுத்துக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. செத்த சிலந்தி மல்லாந்து கிடப்பது அபூர்வம். அது நிமிர்ந்தபடி கால்களை எல்லாம் உடம்புக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை, உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது, உயிர் போனால் அழுத்தம் போய் மடக்கும் தசை மட்டும் மிஞ்சும். ஆகவே மல்லாந்திருந்தால் தொடாதீர்கள், உயிரோடு இருக்கும்போதே கால் சுருண்டிருந்தால் தாகமாக இருக்கலாம், உடனே தண்ணீர்த் தட்டைப் பாருங்கள்.

மல்லாந்த பிறகு நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தலைப்பகுதி ஓட்டின் விளிம்பு கிழிந்து மூடியாகத் திறக்கும், வயிற்றின் பக்கவாட்டுத் தோல் சுருங்கிப் பின்னால் போகும், உள்ளேயிருந்து வெளிறிய, ஈரமான கால்கள் ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், நனைந்த கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றுகிற மாதிரி. காலோடு நிற்காது, விஷப்பல்லின் தோல், தலைப்பகுதிக்குள் இருக்கும் உறிஞ்சுபையின் உள்தோல், சுவாச உறுப்பின் உள்தோல்கூட உரிந்து வருகிறது. முன்பு இழந்த ஒரு கால் இந்தத் தடவை சின்னதாக முளைத்து வந்திருக்கும். புதிய பற்கள் பால்வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கறுக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை சாப்பாடு போடக் கூடாது. பல் மென்மையாக இருக்கும் நேரத்தில் பெட்டிக்குள் விட்ட ஒரு பசித்த சுவர்க்கோழியே இந்தப் பெரிய சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். மல்லாந்து கிடக்கும்போது உதவி செய்கிறேன் என்று சாமணத்தை எடுப்பவர்களும் தண்ணீரை விசிறுபவர்களும் கொல்லும் சிலந்திகளைக் கணக்கெடுத்தால் பசியால் சாகிறவை மிகக் குறைவாகவே இருக்கும்.

உரித்த தோலை எறிந்துவிடாதீர்கள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்து, முன்பக்கத்து இரண்டு வெள்ளைச் சுவாசப் பைகளுக்கு நடுவில் உருப்பெருக்கியால் பார்த்தால் சின்னதாக ஒரு மடல் நிற்கும், அது விந்துப் பை. இருந்தால் பெண். பெண் என்றால் சிவப்பு முழங்கால் இருபது முப்பது வருடம் வாழும். ஆண் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், பருவத்துக்கு வந்த கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு சாப்பாட்டில் கவனம் போய், பெட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பெண்ணைத் தேடும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும்.

நான் இருப்பது ஜெர்மனியின் டோர்ட்முண்டில். ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஹம் நகரம். ஐரோப்பாத் தமிழருக்கு ஹம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில், தேருக்கு நாடு நாடாகச் சனம் வரும். சிலந்திக்காரருக்கு ஹம் என்றால் தெராரிஸ்டிகா சந்தை, வருடத்துக்கு நான்கு தரம், பாம்பும் பல்லியும் தவளையும் சிலந்தியும் மேசை மேசையாக. எனக்கு இரண்டும் ஒரே ஊரில் வாய்த்தது பூர்வ புண்ணியம். சந்தையில் சிலந்தி எல்லாம் துளையிட்ட சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்களில் இருக்கும், மூடியில் லத்தீன் பெயர், பக்கத்தில் 1.0 என்றால் ஆண், 0.1 என்றால் பெண், அதற்குப் பிறகு இரண்டு ஜெர்மன் எழுத்து. என்-செட் என்றால் வளர்ப்பில் பிறந்தது, வே-எஃப் என்றால் காட்டில் பிடித்தது. நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு எழுத்தைத்தான்.

ஏனென்றால் அந்த மேசைகளில் எங்கள் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். பொசிலோதேரியா என்ற மரச்சிலந்திக் கூட்டம் (மேலே சொன்ன புலிமுகச் சிலந்தி இதில்தான்) இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் காட்டில் உண்டு. அதில் ரீகாலிஸ் என்ற ஒன்றை 1899இல் அரக்கோணத்தில் கிடைத்ததை வைத்து விவரித்தார்கள். இன்னொன்றின் பெயர் ஹனுமவிலாசுமிகா, ராமேஸ்வரத்து அனுமார் கோயில் ஒன்றின் பெயரால் 2004இல் வைத்தது, மன்னார்ப் பக்கமும் இருப்பது பிறகு தெரிந்தது. 2012இல் ராஜேய் என்று ஒன்றை விவரித்தார்களே, அது மாங்குளம், பழைய வைத்தியசாலைக் கட்டடத்துக்குள் இருந்ததாம். எல்லாவற்றையும்விட விலைபோனது ஆந்திராவின் நீலச் சிலந்தி. 1899இல் குத்தி என்ற ஊரின் ரயில் மரக்கிடங்கில் ஒன்றே ஒன்று கிடைத்தது, பிறகு 2001 வரைக்கும் ஒருவர் கண்ணிலும் படவில்லை, படும்போது குத்தியில் அல்ல, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில். மரத்தோடு ரயிலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கண்டுபிடித்த கொஞ்ச காலத்திலேயே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டது, அது எப்படி வந்தது என்று யாரும் உரக்கப் பேசுவதில்லை. இன்று சந்தையில் இருப்பவை பல தலைமுறை கடந்த வளர்ப்புக் குஞ்சுகள். காட்டில் இருப்பதோ அழிவின் விளிம்பில். 2019இல் பொசிலோதேரியா முழுவதையும் சைட்டீஸ் என்ற காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், அதனால் இங்கே வாங்கும்போது விற்பவர் எழுதித் தரும் பிறப்பிடச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

"நாங்கள் வளர்ப்பதால்தான் இனம் பிழைக்கிறது" என்று சந்தையில் அடிக்கடி கேட்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டோர்ட்முண்டில் பிறந்த ரீகாலிஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதனால் அரக்கோணத்தில் ஒரு மரம் கூடப் பிழைக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வளர்க்கிறேன், காட்டிலிருந்து பிடித்ததை வாங்க மாட்டேன், அவ்வளவுதான் என் நியாயம். ஊரிலிருந்து யாராவது "போத்திலுக்குள்ள ஒண்டு கொண்டு வரட்டோ" என்று கேட்டால் (கேட்டிருக்கிறார்கள்) வேண்டாம், அது குற்றம், விமான நிலையத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டி வரும் என்று சொல்லிவிடுவேன்.

தொடங்க நினைப்பவருக்கு: வளர்ப்பில் பிறந்த, கொஞ்சம் வளர்ந்த பெண் ஒன்று, சிவப்பு முழங்கால் அல்லது நிகரகுவா, ஹொண்டுராஸ் பக்கத்துச் சுருள்முடிச் சிலந்தி. குஞ்சாக வாங்கினால் மலிவுதான், ஆனால் நகத்தளவு இருப்பது ஒழுங்காக வளர வருடங்கள் ஆகும், பொறுமை இருந்தால் சரி. கோடையில் ஒரு மாதம் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர்த் தட்டை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். ஆனால் முப்பது வருடக் கணக்கை யோசிக்க வேண்டும். என் வயதுக்கு இது சின்ன விஷயமில்லை, எனக்குப் பிறகு யார் என்று கேள்வி வரும். அக்காவின் மகன் ஏற்கெனவே உரிமை கோரிவிட்டான். இரண்டு நிபந்தனை போட்டேன்: தொடக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தாயிற்று, கறுப்பி.