பேய்க்குப் பேய்

2002இல் போர்நிறுத்தம் வந்து வடக்குக்கான ஏ9 பாதை திறந்த கையோடு எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவனின் அண்ணா கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசெற்றில்தான், அப்போது ஐவராக இருந்த அயர்லாந்துப் பாட்டுக்குழு வெஸ்ட்லைஃப்பின் ‘மை லவ்’வைக் கேட்டோம். 2000இலேயே பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த பாட்டு, அதுவும் அவர்களுக்கு வரிசையாக ஏழாவது தடவை. எங்களிடம் வர இரண்டு வருடம். பிந்தினால் என்ன, ரியூசன் கொட்டிலுக்கு வெளியே சைக்கிளில் காலூன்றி நிற்கிறவனுக்கு அது நேற்று எழுதின பாட்டுத்தான்.

ரிவைண்ட் பண்ணிப் பண்ணி ஒருவன் வரிகளைக் கொப்பியில் எழுதினான். கடல் கடந்து ‘கோஸ்ட் டு கோஸ்ட்’, அதாவது கரைக்குக் கரை, தேடி வருவேன் என்ற இடத்தில் அவன் போட்ட ஆங்கிலச் சொல்லுக்குப் பேய் என்று அர்த்தம். பேய்க்குப் பேய்! ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை, காதலென்றால் அப்படித்தான் என்று பாடமாக்கிவிட்டோம்.

உயர்தர மாணவர் ஒன்றுகூடலுக்கு பௌதிக ஆய்வுகூடத்து ஸ்டூல் ஐந்தை (கேட்காமல்தான்) தூக்கி வந்தோம். கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி ஏறும்போது எல்லோரும் ஒன்றாக எழும்ப வேண்டும், அதுதானே அவர்களின் ஸ்டைல். எழும்பினோம். நாலு பேர் புதுச் சுருதியில், நான் பழையதில். முன்வரிசையில் சேர் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார்.

வெறும் தெரு, வெறும் வீடு, அந்த நாட்கள் எங்கே என்று தொடங்கும் பாட்டை நாங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெட்டையின் பேரில் பாடினோம். லண்டன் வந்துதான் வீடியோவையே பார்த்தேன். விமானம் ரத்தாகி, பஸ் பிடித்து, ரயில் பிடித்து, கடைசியில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் மோஹர் செங்குத்துப் பாறைகளில் போய் நிற்கிறார்கள். அது பெட்டையைத் தேடுகிற பயணமாக எனக்குத் தெரியவில்லை, ஊருக்குப் போகிற அந்தரம். ஐவரில் மூன்று பேர் அந்தப் பக்கத்து ஸ்லைகோ ஊர்க்காரர். ஆனால் பாட்டை எழுதியவர்கள் சுவீடன்காரர்! ஊரை நினைத்து ஏங்க அந்த ஊரில் பிறந்திருக்கத் தேவையில்லைப் போல.

போன வருடம் நானும் அந்தப் பாறைக்குப் போனேன். 200 மீற்றருக்கு மேல் உயரமாம், எனக்குத் தெரிந்தது பனிப்புகார் மட்டும், கடல் எங்கோ கீழே இரைந்தது. சரி என்று அந்த வெள்ளையையே வீடியோ எடுத்து வகுப்புக் குழுவில் போட்டேன். கொப்பியில் எழுதினவன் இப்போது டொரன்டோவில். அங்கே விடிய நாலு மணி இருக்கும், உடனே பதில் வந்தது:

“மச்சான், பேய் தெரியுதோ?”