பதினோரு மாதம் புண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்க்கவில்லை

இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் ஒரு புண். 2022 ஆடித் தள்ளுபடி சமயத்தில் வந்தது, 2023 டிசம்பரில் ஆறியது. புண் ஆறிவிட்டது, முதல் பதினோரு மாதம் வீணாய்ப் போன கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்னைப் போல நின்றே பிழைக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள்.

நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன், 19 வருடமாக. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பது, ஆடியிலும் தீபாவளிக்கும் பத்தரை ஆகிவிடும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகே கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. சாயங்காலம் பாதம் வீங்கும், விடிந்தால் வடிந்துவிடும். எங்கள் பிரிவில் பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால் அதை நோய் என்றே நினைக்கவில்லை. புண் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, அரித்து, அழுத்தினால் குழி விழாத அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. கொலுசு உரசுகிற இடம் என்பதால் வெள்ளி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், நானும் கழற்றி வைத்துவிட்டேன். அது கொலுசால் வந்ததே இல்லை. மேலே ஏற வேண்டிய ரத்தம் காலிலேயே தேங்கி, சின்னச் சின்னக் குழாய்களிலிருந்து கசிந்து, அதிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிந்து வருகிற கறுப்பு. இந்தக் கறுப்பும் அரிப்பும் உங்கள் காலில் இருந்தால் புண் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போதே போய்க் காட்டுங்கள்.

ஆடிக் கூட்டத்தில் சேலை வந்த அட்டைப்பெட்டியின் முனை அந்த இடத்தில் இடித்தது. சின்னக் கீறல்தான். ஒரு வாரத்தில் வேப்பங்கொட்டை அளவு, தீபாவளிக்குள் மூன்று விரலை வைக்கலாம் போல ஆகிவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். தினமும் வேலைக்குப் போகும் முன் அங்கே போவேன். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்க, பஞ்சால் தேய்த்துத் துடைப்பார்கள். அப்புறம் அயோடின் மருந்து, ஒரு களிம்பு, மேலே துணிக் கட்டு. ஒரு தடவைக்கு 150 ரூபாய். ஆன்டிபயாடிக் மட்டும் ஆறு முறை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், வயிறு கெட்டதுதான் மிச்சம். அந்த நுரை கிருமியைக் கொல்வதோடு புதிதாக முளைக்கிற தளதளப்பான சதையையும் சேர்த்துக் கொல்லும் என்று பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல், சுற்றிலும் பரவுகிற சிவப்பு, சூடு, வலி கூடுவது இப்படித் தொற்றுக்கான அடையாளம் இருந்தால்தான் ஆன்டிபயாடிக் வேண்டும். புண்ணில் ஈரம் வடிகிறது என்பதற்காகக் கொடுத்தால் புண் ஆறாது. நடுவில் ஒரு களிம்பு ஒத்துக்கொள்ளாமல் சுற்றிலும் கொப்பளித்து, புண் இன்னும் ஒரு விரல் அகலமானது.

இந்தப் பதினோரு மாதத்தில் அங்கே ஒருவர்கூட என்னை எழுந்து நிற்கச் சொல்லி, முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிக் கெண்டைக்காலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே சுருண்டு கிடந்தது தெரிந்திருக்கும்.

உறவில் எல்லோரும் சுகர் புண் என்று முடிவே கட்டிவிட்டார்கள். மூன்று முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், சுகர் இல்லை. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். முட்டையை நிறுத்தியது பெரிய தப்பு, புண் ஆறுவதற்குப் புரதம்தான் முதலில் வேண்டும். மாமியார் நல்ல மனதோடு குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்தார், தட்ட முடியாமல் இரண்டு நாள் பூசினேன், எரிச்சலில் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிற விஷயம். கடையில் ஒரு அக்கா, "நரம்புக் கோளாறு, நரம்பு டாக்டரைப் பாரு" என்றார். மதுரைக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். ஒரு நாள் சம்பளம் போனது. டோக்கன் போட்டு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கட்டு நனைந்து தரையில் சொட்டியது. உள்ளே போனதும் அந்த டாக்டர் ஒரே நிமிடம்தான் பார்த்தார். "ஏம்மா, நான் பார்க்கிறது மூளை நரம்பு, தண்டுவட நரம்பு. உங்களுக்கு இருக்கிறது ரத்தக்குழாய்ப் பிரச்சினை. யாரு உங்களை இங்கே அனுப்பினது?" அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, சரியான இடத்தின் பெயரைச் சொன்னது அவர்தான். டோக்கன் போட்ட இடத்தில் என் காலைப் பார்த்துவிட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம். நாம் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம், அதனால் இதை நன்றாக நினைவில் வையுங்கள்: நீங்கள் கேட்க வேண்டியது ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர், வாஸ்குலர் சர்ஜன். அவர் இல்லாத ஊரில் பொது அறுவை சிகிச்சை டாக்டரிடம் போகலாம்.

வாஸ்குலர் டாக்டர் முதலில் புண்ணைத் திறக்கவே இல்லை, நிற்கச் சொன்னார். பின்னால் வந்து தொடையிலிருந்து குதிகால்வரை பார்த்தார். பிறகு படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டை சுற்றி, சின்னக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டச் சத்தம் கேட்டு இரண்டு இடத்திலும் அளந்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து ஒரு எண் சொன்னார், எனக்கு 1.03. இது ஏன் முக்கியம் என்றால், இந்த வகைப் புண்ணுக்கு வைத்தியமே இறுக்கிக் கட்டுவதுதான், ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அப்படிக் கட்டினால் கால் அழுகிவிடும். 0.8க்குக் கீழே இருந்தால் முழு இறுக்கம் கொடுக்கமாட்டார்கள், 0.5க்குக் கீழே என்றால் கட்டு என்ற பேச்சே கிடையாது. சுகர் உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்த எண் அதிகமாகப் பொய் காட்டும், அவர்களுக்கு வேறு சோதனையும் வேண்டும். ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் க்ரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களாகவே சுற்றிவிடாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்.

காரணத்தை அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். காலின் ரத்தக்குழாயில் மேல்நோக்கி மட்டும் திறக்கிற வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும், வால்வு மூடி அதைக் கீழே விழாமல் பிடிக்கும். வால்வு தளர்ந்துவிட்டால் ஏறினதெல்லாம் திரும்பக் கீழே. அசையாமல் நின்றால் பிழிகிற வேலையும் நடக்காது. அந்த அழுத்தம் குறையாதவரை மேலே எதைப் பூசினாலும் ஆறாது. பதினோரு மாதம் புரியாதது பத்து நிமிடத்தில் புரிந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

குழாய்க்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். பஸ் நிலையம் பக்கத்தில் விலை குறைவாக இருந்த இடத்தில் எடுத்தேன், படுக்க வைத்தே முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வால்வு கசிகிறதா என்று பார்க்க நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்தி விட்டு, ரத்தம் எவ்வளவு நேரம் கீழே திரும்புகிறது என்று அளக்க வேண்டுமாம், அரை விநாடிக்கு மேல் போனால் கசிவு. படுத்துக்கொண்டு எடுத்தால் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம், கசிவு பிடிபடாது. மறுபடி பணம், மறுபடி பஸ். ஸ்கேன் புக் செய்யும்போதே "நிற்க வைத்து எடுப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள், இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். இரண்டாவது இடத்தில், தொடையின் உள்பக்கமாக ஓடுகிற நீளமான குழாய் முழுக்கக் கசிகிறது என்று தெளிவாக வந்தது. நெடுநாள் ஆறாத புண் என்பதால் ஓரத்திலிருந்து ஒரு துணுக்குச் சதையும் எடுத்து அனுப்பினார்கள், அபூர்வமாகப் புற்றுநோயாக மாறுவது உண்டாம். முடிவு வரும்வரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் கட்டு ஆரம்பித்தது. இதற்கு முன் எனக்குப் போட்டதெல்லாம் கட்டே இல்லை. புண்மேல் மட்டும் சுற்றுவார்கள், மேலும் கீழும் பிதுங்கி வீங்கும். இங்கே சிஸ்டர் கால்விரல் அடியிலிருந்து தொடங்கி, பாதம், குதிகால் எதையும் விடாமல், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுகிற மாதிரி முழங்காலுக்குக் கீழேவரை கொண்டுவந்தார். அடியில் பஞ்சு, மேலே அடுக்கடுக்காக மொத்தம் நாலு அடுக்கு. கணுக்காலில் அதிக இறுக்கம், ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், மேலே போகப்போகத் தளர்வு. புண்ணின்மேல் ஒட்டாத சாதாரணத் துணி மட்டும். வெறும் உப்புத் தண்ணீரில் கழுவினார். விலை கூடிய மருந்து எதுவும் இல்லையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, "அக்கா, கட்டுதான் மருந்து" என்றார்.

முதல் பத்து நாள் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். ராத்திரி கால் விண்ணென்று தெறிக்கும், மூன்றாம் நாள் நீர் ஊறி வாடை வந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனார். அவிழ்த்து எறியலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். விரல் நீலமாகிறதா, மரத்துப் போகிறதா, தாங்க முடியாத வலியா, இவை இருந்தால் உடனே அவிழ்க்கலாம், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் வைத்துவிட்டேன். முதலில் வாரத்துக்கு இரண்டு முறை, அப்புறம் ஒரு முறை மாற்றினார்கள். குளிக்கப் பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு இரண்டு வாரமும் புண்மேல் பிளாஸ்டிக் தாள் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து தேதி போட்டுத் தருவார். அந்தத் தாள்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. முதல் தாளில் ஆறு சென்டிமீட்டருக்கு நாலு. மூன்றாவது தாளை முதல் தாள்மேல் வைத்துப் பார்த்தபோது சுற்றிலும் ஒரு விரல் அகலம் உள்ளே வந்திருந்தது. ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் புண் சிறுத்ததை முதல்முறை பார்த்தேன்.

கசிகிற குழாயை லேசர் வைத்து அடைப்பதற்குக் காப்பீட்டு அட்டையில் முன் அனுமதி வேண்டும் என்றார்கள். அட்டையில் என் பெயருக்கு முன் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். கவுண்டரில் இருந்தவர் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார், எதை மாற்ற வேண்டும், எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லவும் இல்லை. இ-சேவை மையத்துக்கு இரண்டு நடை, ஒரு நாள் சர்வர் இல்லை, ஒரு நாள் ரேஷன் கார்டின் அசல் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரம் போனது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

லேசர் ஒன்றுமே இல்லை. தொடையில் மரத்துப்போக ஊசி, முக்கால் மணி நேரம், அன்றைக்கே நடந்து வெளியே வந்தேன். முன்பெல்லாம் புண் ஆறின பிறகே குழாயை அடைப்பார்களாம். பிரிட்டனில் 450 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது என்று டாக்டர் சொன்னார். கட்டோடு சேர்த்து ஆரம்பத்திலேயே அடைத்தவர்களுக்குப் பாதிப் பேருக்குப் புண் ஆற 56 நாள், பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். "ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கட்டை அவிழ்த்தபோது துணியில் ஈரமே இல்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறின பிறகு கட்டுக்குப் பதிலாகக் காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் போட வேண்டும். ஆறினதோடு முடிந்தது என்று அதை விட்டவர்களுக்கு மறுபடி வருவதை அங்கேயே பார்த்தேன். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறும் முன் அளவெடுத்து வாங்க வேண்டும், சாயங்கால அளவில் வாங்கினால் தொளதொளவென்று இருக்கும். நான் முதல் ஜோடியை அப்படி வாங்கி வீணாக்கினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிது, பழையதில் இழுவிசை இருக்காது. வெயில் காலத்தில் வேர்த்து ஊறுகிறது, உண்மைதான், ராத்திரி கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். தூங்கும்போது கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டு செங்கல்.

வேலையை விட முடியாது. ஆனால் 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது எங்கள் மாடியில் யாருக்கும் தெரியாது. டாக்டர் சீட்டையும் அந்தச் செய்தியின் நகலையும் எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். "அண்ணே, கூட்டம் இருக்கும்போது உட்கார மாட்டோம், கூட்டம் இல்லாதபோது உட்காருகிறோம்" என்றேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. நான் ஸ்டாக்கிங்ஸைக் கீழே இறக்கி அந்தத் தழும்பைக் காட்டினேன். அடுத்த வாரம் எங்கள் பிரிவுக்கு இரண்டு ஸ்டூல் வந்தது. ஒன்பது பேர் இருக்கிறோம், இன்னும் இரண்டு கேட்டிருக்கிறோம்.